காய்ச்சல் நுரையீரலில், குழப்பம் மூளையில்

எழுபதைத் தாண்டியவருக்கு நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால், சில சமயம் உடம்பு சுடுவதற்கு முன்பே பேச்சு தடம் மாறிவிடும். நேற்றுவரை பென்ஷன் கணக்கைப் பிசகாமல் சொன்னவர் இன்று மகளையே 'நீங்க யாரு?' என்பார். பகலில் தெளிவார், இரவில் மறுபடி குழம்புவார். மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் என்று பெயர். வீட்டில் நாம் வைத்திருக்கும் பெயர், 'வயசாயிடுச்சு'.

நுரையீரலில் தொற்று இருக்க, மூளை ஏன் குழம்ப வேண்டும்? மூளைக்குள் மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. ஸ்பெயின் விஞ்ஞானி பியோ தெல் ரியோ ஒர்தேகா 1919-இல் இவற்றைத் தனி இனமென்று காட்டினார். செத்த செல்களை விழுங்குவதும், வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கத்தரிப்பதும் இவற்றின் அன்றாட வேலை. உடம்பில் எங்கே தொற்று வந்தாலும் ரத்தத்தில் இன்டர்லூகின் வகைப் புரதங்கள் பெருகி, மூளைக்குச் சேதி போய்விடும். இளைஞர் என்றால் சுருண்டு படுப்பார், அவ்வளவுதான். முதியவரின் மைக்ரோகிளியாவோ ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்பவை. சின்னச் சீண்டலுக்கும் இன்டர்லூகின்-1-ஐக் கொட்டித் தீர்க்கும். புது நினைவுகளைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதியை அது எளிதில் தாக்குகிறது. இணைப்புகள் வலுப்பட்டால்தான் நினைவு நிற்கும். அந்த வலுவை இன்டர்லூகின்-1 குலைக்கிறது.

இது தற்காலிகத் தொல்லை மட்டுமா? 2016-இல் வெளிவந்த எலி ஆய்வு ஒன்று கவலை தருகிறது. வெஸ்ட் நைல் வைரஸ் மூளையைத் தாக்கி ஓய்ந்த பிறகும், காம்ப்ளிமென்ட் என்ற நோய் எதிர்ப்புப் புரதம் குறிவைத்த இணைப்புகளை மைக்ரோகிளியா விழுங்கிக்கொண்டிருந்தது; எலிகளின் நினைவாற்றல் குறைந்தது. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்பதில்லை. ஆனாலும் டெலிரியம் வந்த முதியவர்களிடம் பின்னாளில் டிமென்ஷியா எனும் மறதி நோய் கூடுதலாகவே காணப்படுகிறது. உள்ளே தேய்ந்திருந்த மூளைதான் அப்போது வெளிப்படுகிறது என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

கத்திக் கலாட்டா செய்பவரையாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடப்பவரை 'தொந்தரவு பண்ணாம இருக்காரே' என்று விட்டுவிடுகிறோம். டெலிரியத்தில் அதிகம் கண்ணுக்குத் தப்பிவிடுவது இந்த அமைதியான வகைதான். தூக்க மாத்திரையைக் கையில் திணிப்பது நிலைமையை மோசமாக்கும்.

மறதி நோய் மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். டெலிரியம் ஓரிரு நாளில் வந்து நிற்கும். வீட்டுப் பெரியவர் திடீரென்று குழம்பினால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். குழப்பம் எப்போது தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், தண்ணீர் குடித்தாரா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.