சிறைக் காவலனுக்குக் கற்பிப்பவர் யார்?

பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டதென்றால் வீட்டிலே ஆனந்தம் பொங்குவது இயல்பே. மாதச் சம்பளம், ஓய்வூதியம், ஊராரின் மதிப்பு ஆகிய யாவும் அதனோடு வருவன. ஆயின், அது சிறைக் காவலர் உத்தியோகமாக இருப்பின் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அப்பிள்ளைக்கு அத்தொழிலைக் கற்பிக்கப் போகிறவர் யார்? கற்பிக்க அவருக்கு நேரமுண்டா? இக்கேள்வியையே இன்று சற்று ஆராய விரும்புகிறோம்.

“காவல் காப்பதற்குப் படிப்பு எதற்கு? கதவைப் பூட்டத் தெரிந்தாற் போதாதா?” என்பாரும் உளர். திறப்பைத் திருப்புவது எளிதே. ஆனால், கைதிகள் பலர் வாழும் கூடத்திலே காவலர் சிலரே நிற்பர். கைதிகளின் இணக்கமின்றி அங்கே ஒரு நாளும் ஒழுங்காகக் கழியாது. எவன் உணவைத் தொடவில்லை, எவன் மனமொடிந்து கிடக்கிறான், எவ்விருவரிடையே பகை மூள்கிறது என்பவற்றை முகம் பார்த்தே அறிபவனே நல்ல காவலன். பேச்சினால் தணியக்கூடியதைத் தடியினால் தணிக்க முற்படுபவன் தனக்கும் பிறர்க்கும் தீங்கு தேடுகிறான்.

உலக நாடுகள் இதனை உணராமல் இல்லை. கைதிகளை நடத்தும் முறை பற்றி 1955-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் வகுக்கப்பட்ட விதிகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015-ஆம் ஆண்டில் திருத்தி ஏற்றது. 27 ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரை அவை தாங்கியுள்ளன. எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் தேறியவரையே சிறைச் சேவையிற் சேர்க்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சட்டம், முதலுதவி, மனநோயை முற்கூட்டி அறிதல், சமரசம் பேசிச் சண்டையைத் தவிர்த்தல் ஆகியவை பாடங்களாகக் கூறப்பட்டுள்ளன. சேவையிற் சேர்ந்த பின்னரும் பயிற்சி தொடர வேண்டுமென்றும் அவ்விதிகள் பணிக்கின்றன.

விதிகள் நல்லனவே. எனினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கல்லூரியிற் கற்றதைக் கூடத்திலே கையாளும்போது அருகில் நின்று திருத்த அனுபவசாலி ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிடின் நிகழ்வது யாது என்பதை இங்கிலாந்தின் அனுபவம் காட்டுகிறது. ஆங்கிலேயர் 1877-ஆம் ஆண்டில் இயற்றிய சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் வழியே நம் நாட்டுச் சிறைமுறை வளர்ந்தமையால், அவ்வனுபவம் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

2010-ஆம் ஆண்டின் பின்னர், செலவைக் குறைக்கும் நோக்குடன், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறைக் காவலர் தொகை நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுருக்கப்பட்டது. நீங்கியவருள் நெடுங்காலம் சேவை செய்தோர் பலர். அடிதடிகளும், கைதிகள் தம்மைத் தாமே காயப்படுத்திக் கொள்ளும் சம்பவங்களும் பெருகின. 2016-ஆம் ஆண்டில், மேலதிகமாக 2,500 காவலரைச் சேர்ப்பதென அரசாங்கம் தீர்மானித்தது. ஆட்கள் வந்தனர், எண்ணிக்கையும் நிரம்பிற்று. ஆனால், சில வாரப் பயிற்சியோடு வந்த இளைஞர்க்கு வழிகாட்ட வேண்டிய மூத்தோர் பலர் முன்னமே போய்விட்டனர். புதியோருள் பலர் ஓரிரு ஆண்டுகளிலேயே வேலையை விட்டு விலகினர். ஆளைச் சேர்த்தல் வேறு, காவலனை உருவாக்குதல் வேறு என்பது இதனாற் புலனாகும்.

நோர்வேயின் வழி வேறு. அங்கே சிறைக் காவலராக விரும்புவோர் சம்பளத்துடன் ஈராண்டு பயில்கின்றனர். வகுப்பிலே சட்டமும் உளவியலும் ஒழுக்கநெறியும் கற்பதுடன், சிறைகளிலும் நீண்டகாலம் செய்முறைப் பயிற்சி பெறுகின்றனர். சிறிய, செல்வம் மிக்க நாட்டுக்கு இயல்வது எல்லா நாடுகளுக்கும் இயலாது எனலாம். உண்மையே. ஆயினும், பயிற்சி பெறுவோனை முழுக் காவலனாகக் கணக்கிட்டு, ஆட்குறைவுள்ள இடத்தை நிரப்ப அனுப்பாதிருத்தற்குச் செல்வம் மட்டும் போதாது, மனவுறுதியும் வேண்டும். ஆட்குறை நேரும் நாளில் முதலிற் பறிபோவது பயிற்சியே. ஆதலால், புதியவனுக்கென ஒரு மூத்த காவலரைக் குறித்து, அவருக்கு அதற்கென நேரமும் ஒதுக்குதல் வேண்டும்.

இனி, கற்பிப்பவரைக் கண்காணிப்பவர் யார்? மூத்தவர் கற்பிப்பது நல்வழக்கமாயின் நன்று. அடித்து அடக்குவதே அவர் அறிந்த வழக்கமாயின், புதியவன் கற்பதும் அதுவே. இதனாலன்றோ, திணைக்களத்தின் உள்ளாய்வோடு, அதனைச் சாராத வெளியாரின் ஆய்வும் வேண்டுமென மண்டேலா விதிகள் கூறுகின்றன. இங்கிலாந்திலே 1982-ஆம் ஆண்டுச் சட்டம் சிறைகளுக்கென ஒரு தலைமைப் பரிசோதகர் பதவியை நிறுவிற்று. நம் நாட்டில், 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தடுப்புக்காவல் இடங்களைப் பார்வையிடும் அதிகாரம் உண்டு. அடைபட்டவனின் உயிர் அடைத்து வைத்தவர் பொறுப்பிலேயே இருக்கிறது என்பதை, 1983-ஆம் ஆண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொலையுண்டதை அறிந்த நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கைதியும் ஒரு தாயின் பிள்ளை. காவலனும் ஒரு தாயின் பிள்ளை. ஒருவனைத் திருத்தும் பொறுப்பை மற்றவனிடம் ஒப்படைக்கும் நாம், அவனைப் பழக்கும் பொறுப்பிலிருந்து நழுவலாகாது. சிறைக்குப் புதிதாக எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர் என்ற செய்தியைப் பத்திரிகையிற் காணும்போது, அவர்களுக்குக் கற்பிக்க எத்தனை பேர் எஞ்சியுள்ளனர் என்றும் கேட்போமாக.