சவ்வில்லாத துளிகள்

விலங்கியல் முதுகலை படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸைச் சுற்றிச் சவ்வு கிடையாது என்கிறார்கள். அப்படியானால் அது ஏன் கரைந்து போவதில்லை?"

கல்லூரியில் நானும் இதைக் கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று பதில் வந்தது. நுண்ணோக்கி பீரோவில் பூட்டிக் கிடக்க, செல்லின் படத்தை வரைந்து பாகம் குறித்தே மதிப்பெண் வாங்கினோம். அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை.

மைட்டோகாண்ட்ரியா போன்ற சவ்வுப் பைகளை விட்டுவிட்டு, சவ்வில்லாத திரட்டுகளைப் பார்ப்போம். சி. எலிகன்ஸ் என்ற புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். அதன் கரு ஒற்றைச் செல்லாக இருக்கும்போதே, பி-துகள்கள் என்னும் புரத, ஆர்.என்.ஏ. திரட்டுகள் பின்பாதியில் சேர்ந்துவிடும். கிளிஃப் பிராங்வின், டோனி ஹைமன் ஆகிய ஆய்வாளர்களின் குழுவினர் அவற்றைக் கூர்ந்து பார்த்தார்கள். இரண்டு துகள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றாகி, மறுபடி உருண்டையாயின. உட்கருவின் மேல் ஒட்டியிருந்தவை, விசை கொடுத்தபோது வழிந்து சொட்டின. அவை திரவத் துளிகள் என்று 2009இல் எழுதினார்கள். முன்பாதியில் கரைகின்றன, பின்பாதியில் திரள்கின்றன. இடம் மாறுவதன் சூட்சுமம் அதுதான்.

சிறுவயதில் ரசத்தில் மிதக்கும் நெய்ப்பொட்டுகளைக் கரண்டி நுனியால் தள்ளி ஒன்றாக்குவேன். அந்த நெய் தனித்து நிற்க ரசத்துக்குள் ஒரு கிண்ணம் வேண்டியதில்லை. செல்லிலும் சில புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் ஒன்றையொன்று பல இடங்களில் லேசாகப் பற்றுகின்றன, விடுகின்றன. செறிவு ஓர் அளவைத் தாண்டினால் துளியாகப் பிரிகின்றன. மூலக்கூறுகள் உள்ளே வந்தபடியும் வெளியே போனபடியும் இருக்க, துளி மட்டும் நிலைக்கிறது. தவளை முட்டைச் செல்லின் நியூக்ளியோலஸும் திரவம்போல நடந்துகொள்வதை 2011இல் காட்டினார்கள்.

மார்கழியில் உறைந்த நெய்யை அடுப்பருகே வைத்தால் இளகிவிடும். எஃப்.யு.எஸ். என்ற புரதத்தின் துளி அப்படியல்ல. சோதனைக் குழாயில் நேரம் போகப்போக அது இழையிழையாக இறுகுகிறது. ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணு மாற்றம் அதை விரைவுபடுத்துவதை 2015இல் கண்டார்கள். இந்தத் துறையின்மேல் எனக்குள்ள பிடிப்பு அங்கே தொடங்கியது.

ஆகவே, செல்லுக்குள் ஏதாவது ஒளிரும் புள்ளியாகத் தெரிந்தவுடன் 'திரவத் துளி' என்று எழுதிவிடும் அவசரம் வருத்தமளிக்கிறது. ஹெக்சேன்டையால் என்ற ரசாயனத்தைச் சேர்த்தால் கரைகிறது என்பது போதிய சான்றல்ல. அந்த ரசாயனம் செல்லின் பிறவற்றையும் குலைக்கும். புரதத்தை மிகையாக உற்பத்தி செய்ய வைத்தாலும் துளி வந்துவிடும். கட்டுரையைக் கையில் எடுத்ததும், இயல்பான செறிவில் பார்த்தார்களா என்று செய்முறைப் பகுதியில் தேடுங்கள், அம்மா. பிறகு, துளியின் பாதியை லேசரால் மங்கவைத்தபின் மறுபாதியிலிருந்து ஒளி பரவி வந்ததா என்று பாருங்கள்.