உங்களுக்குத் தெரியுமா? இரண்டு வாரம் தாமதித்திருந்தால்!

1944-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி நார்மண்டிக் கரையில் இறங்குவதென்று நிச்சயித்திருந்த நேச நாட்டுச் சேனைகள், ஆங்கிலக் கால்வாயில் எழுந்த கடுங்காற்றினால் தடைப்பட்டு நின்றபோது, மறுநாள் சிறிது நேரம் காற்றுத் தணியுமென்று வானிலை நிபுணர் ஜேம்ஸ் ஸ்டாக் சொன்ன வார்த்தையை நம்பியே, பிரதம சேனாதிபதி ஐசன்ஹோவர் 6-ஆம் தேதி இறங்குமாறு உத்தரவிட்டார். அச்சந்தர்ப்பத்தை நழுவவிட்டிருந்தால், விடியற்காலையில் கடல் வற்றி, ஜெர்மானியர் கரையில் நட்டிருந்த தடைக்கம்பங்கள் வெளியே தெரியும் நாள் மீண்டும் வாய்ப்பது ஜூன் 19-ஆம் தேதியை ஒட்டித்தான். அந்தத் தினத்தில்தான் பெரும்புயல் எழுந்து, மூன்று நாள் ஓயாமல் அடித்து, ஒமாஹா கரையில் அமெரிக்கர் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தையே சிதைத்துப் போட்டது. நடுக்கடலில், தட்டையான படகுகளில், அதைச் சந்தித்திருந்தால் அந்த இளைஞர்களின் கதி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது!

படையெடுப்பு தோற்றால் வெளியிடுவதற்கென்று ஐசன்ஹோவர் பென்சிலால் எழுதி வைத்த சிறு குறிப்பொன்று இன்றும் இருக்கிறது. குற்றம் ஏதேனும் உண்டென்றால் அது தம் ஒருவருடையதே என்று முடித்து, அக்கடைசி வார்த்தைகளின் கீழ் ஒரு கோடும் இழுத்திருக்கிறார். அன்றைய மனப்பாரத்தினால் போலும், ஜூன் என்பதற்குப் பதிலாக ஜூலை 5 என்று தேதியிட்டிருக்கிறார்.