பிரகாஷ்: காஷ்மீர்ப் பெண்களின் ராக் இசைக்குழு
ஸ்ரீநகர், 2012–2013

பாட்டும் கிதாரும் ஒருவர், பேஸ் கிதார் ஒருவர், ட்ரம்ஸ் ஒருவர். மூவரும் அப்போது பத்தாம் வகுப்பு மாணவிகள். 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் நடந்த இசைக்குழுப் போட்டியில் முதன்முறையாகப் பொதுமேடை ஏறிப் பரிசு வென்றார்கள்.

பாராட்டைத் தொடர்ந்து சமூக வலைத்தளங்களில் வசவும் மிரட்டலும் குவிந்தன. 2013 பிப்ரவரித் தொடக்கத்தில் காஷ்மீரின் தலைமை முஃப்தி இம்மாணவிகள் பாடுவதற்கு எதிராக ஃபத்வா என்னும் மார்க்கத் தீர்ப்பு அளித்தார். முதலமைச்சர் உமர் அப்துல்லா மாணவிகளை ஆதரித்தார். ஆனாலும் அதே வாரத்தில் குழு கலைந்தது. ஆனாலும் அதே வாரத்தில் குழு கலைந்தது.

புதுச்சேரியின் தவளக்குப்பத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண்களின் வயதுதான் அப்போது அந்த மூவருக்கும். மேடையேறும் பெண்ணுக்குச் சட்டத்தின் காவலோடு வீடும் தெருவும் பள்ளியும் துணை நிற்க வேண்டும்.