ஃபைட்டர் மீன் வாங்கப் போறீங்களா? கலரைப் பார்த்துக் காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் குட்டிக் குட்டி பாட்டில்களில் தனித்தனியாக நிற்குமே, அந்த ஃபைட்டர் மீனின் இன்னொரு பெயர் பெட்டா. கோய், கேலக்ஸி, டிராகன், மஸ்டர்ட் காஸ் என்று பாட்டிலுக்கு ஒரு பெயர்; பெயருக்கு ஏற்ற விலை. ஆசை ஆசையாக 'கோய்' வாங்கிப் போன சிலர், சில மாதங்களில் "கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்று கொதிப்பதுண்டு. ஆரஞ்சும் கறுப்புமாக வந்த மீன், தொட்டிக்குள்ளேயே நீலமாகிவிட்டிருக்கும்!

இதில் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கோய், கேலக்ஸி இரண்டுமே 'மார்பிள்' வகையைச் சேர்ந்தவை. இவற்றின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுவில் இடம் மாறித் தாவும் துண்டு ஒன்று இருக்கிறது. அதனால் உடலில் நிறம் ஓரிடத்தில் மறையும், இன்னோரிடத்தில் முளைக்கும். இன்று பார்க்கும் டிசைன் அடுத்த தீபாவளி வரை இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அந்த டிசைனுக்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பதென்றால் யோசித்துக் கொடுங்கள்.

பெட்டாவின் தாய்வீடு தாய்லாந்து. அங்கே வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் காட்டு பெட்டா மங்கலான பழுப்பு நிறம்தான். சண்டைக்காகவும் பிறகு அழகுக்காகவும் தலைமுறை தலைமுறையாக வளர்த்துத்தான் இத்தனை நிறங்கள் வந்தன. 2016-ல் அந்நாட்டுத் தேசியக் கொடி போலவே சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகளோடு இருந்த ஒரு பெட்டா, ஃபேஸ்புக் ஏலத்தில் 53,500 பாட்டுக்கு விலைபோனது. 2019-ல் பெட்டாவைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது தாய்லாந்து.

சரி, நிறத்தை எப்படி அடையாளம் காண்பது? முதலில் பாட்டிலை வெள்ளை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீல லைட்டுக்குக் கீழே எல்லா மீனும் அழகுதான். பிறகு உடல் ஒரு நிறமா, துடுப்பு வேறு நிறமா என்று பாருங்கள். வெளிறிய உடலும் சிவப்புத் துடுப்பும் என்றால் 'கம்போடியன்'. கருநீல உடலும் மஞ்சள் துடுப்பும் 'மஸ்டர்ட் காஸ்'. துடுப்பில் உடலை ஒட்டிய பகுதி ஒரு நிறம், ஓரம் இன்னொரு நிறம் என்று பட்டையாகப் பிரிந்திருந்தால் 'பட்டர்ஃபிளை'. ஹாஃப்மூன், கிரவுன்டெயில் என்பதெல்லாம் வாலின் வடிவத்தைச் சொல்லும் பெயர்கள். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நீலத்தில்தான் குழப்பம் அதிகம். பச்சை கலந்து மின்னினால் டர்க்காய்ஸ், சாம்பல் கலந்தால் ஸ்டீல் ப்ளூ, அடர் நீலம் என்றால் ராயல் ப்ளூ. ராயல் ப்ளூ ஜோடியை இணை சேர்த்தால் குஞ்சுகளில் சுமார் பாதிதான் ராயல் ப்ளூவாக வரும். மீதியில் கால் பங்கு டர்க்காய்ஸ், கால் பங்கு ஸ்டீல் ப்ளூ. வீட்டில் குஞ்சு பொரிக்கவைத்து விற்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வெளிர் நிற மீனில், குறிப்பாகப் பெண் மீனில், உடலின் நீளவாக்கில் கருங்கோடுகள் தெரிந்தால் அதைப் புது வெரைட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பயத்திலோ அழுத்தத்திலோ இருப்பதன் அடையாளம்.

விலை கூடிய 'டிராகன்' விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. உலோகம் போல மின்னும் தடித்த செதில்கள்தான் இதன் அழகு. சில மீன்களுக்கு அந்தச் செதில் வளர்ந்து கண்ணையே மூடி, பார்வையைப் பறித்துவிடும். வாங்கும் முன் பாட்டிலின் இரண்டு பக்கமும் விரலை மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மீன் திரும்பவில்லை என்றால், அடுத்த பாட்டிலை எடுக்கச் சொல்லுங்கள்.