பேக்கேஜுக்குள் இருக்கும் டேட்டா, சி நிரலின் கைக்கு எப்படி வரும்?

ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்துக்காக ஆர் மொழியில் ஒரு பேக்கேஜ் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் ஒரு சிறிய அட்டவணை: நூலின் கவுண்ட், அதற்குரிய டெக்ஸ், ஆலை ஏற்கும் குறைந்தபட்ச வலிமை. 840 கெஜ நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுதான் கவுண்ட். ஒரு கிலோமீட்டர் நூல் எத்தனை கிராம் என்பது டெக்ஸ். 590.5-ஐக் கவுண்டால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் 14.76. கருவி கொட்டும் லட்சக்கணக்கான அளவீடுகளை ஆரின் லூப்பில் ஓட்டினால் நேரம் பிடிக்கிறது. அதனால் கணக்குப் பகுதியை மட்டும் சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்கிறீர்கள். அட்டவணை பேக்கேஜில் இருக்கிறது, சி நிரலும் அதே பேக்கேஜில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்றுக்கொன்று தெரியாது.

சி நிரல் அட்டவணையைத் தேடிப் போகவே வேண்டாம் என்பதுதான் என் பதில். பயனர் அழைக்கும் ஆர் ஃபங்ஷனே அட்டவணையை எடுத்து, 'டாட் கால்' வழியாக ஒரு ஆர்க்யுமென்ட்டாகச் சி-யிடம் கொடுத்துவிடட்டும். பெரிய டேட்டாவை இப்படி அனுப்பினால் நகலெடுத்து நேரம் வீணாகுமே என்று பலர் தயங்குகிறார்கள். பழைய 'டாட் சி' வழியில் அந்தப் பயம் நியாயம், அது நகலெடுக்கும். 'டாட் கால்' முகவரியை மட்டும்தான் கொடுக்கிறது. ஐந்து வரி அட்டவணைக்கும் ஐந்து கோடி வரி அட்டவணைக்கும் அனுப்பும் செலவு ஒன்றுதான்.

இதிலேயே ஒரு ஆபத்தும் உண்டு. முகவரி கையில் இருப்பதால், சி நிரல் அதில் எதையாவது எழுதினால் மூல அட்டவணையே மாறிவிடும். மாற்றினால் நகலெடுத்துக்கொள்ளும் ஆரின் வழக்கமான காப்பு இங்கே கிடையாது. எழுத வேண்டுமென்றால் முதலில் 'டூப்ளிகேட்' செய்துகொள்ளுங்கள்.

சரி, சி நிரலே தேடித்தான் ஆக வேண்டும் என்றால்? அப்போது டேட்டா எந்த இடத்தில் குடியிருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். 'ஆர்' ஃபோல்டருக்குள் 'சிஸ்டேட்டா' கோப்பாக வைத்தது பேக்கேஜின் நேம்ஸ்பேஸுக்குள் வந்துவிடும். 'ஆர்_ஃபைண்ட்நேம்ஸ்பேஸ்' மூலம் நேம்ஸ்பேஸைப் பிடித்து, அதில் பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கும். 'டேட்டா' ஃபோல்டரில் வைத்து, 'லேசிடேட்டா' என்று டிஸ்கிரிப்ஷனில் குறித்ததோ நேம்ஸ்பேஸுக்குள் இருக்காது. தனியாக ஓர் இடத்தில் இருக்கும். பயனர் 'லைப்ரரி' போட்டு பேக்கேஜை இணைத்தால்தான் அது தேடல் பாதையில் தட்டுப்படும். எழுதியவர் எப்போதும் 'லைப்ரரி' போட்டே சோதித்திருப்பார், எல்லாம் ஓடும். வேறொருவர் பேக்கேஜ் பெயருக்குப் பின் இரட்டை முக்காற்புள்ளி வைத்து ஃபங்ஷனை மட்டும் அழைப்பார். 'அப்படி ஒரு பொருளே இல்லை' என்று நிற்கும். சி நிரலுக்கு மட்டுமல்ல, பேக்கேஜின் சொந்த ஆர் ஃபங்ஷன்களுக்கும் இதே கதிதான். உள்வேலைக்கு மட்டும் பயன்படும் அட்டவணையை 'சிஸ்டேட்டா'வில் வைப்பதே நல்லது.

இடம் தெரிந்து கேட்டாலும், கைக்கு வருவது சில சமயம் அட்டவணையாக இருக்காது, 'பிராமிஸ்' எனப்படும் ஒன்றாக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் பணம் கட்டியதும் கொடுக்கும் சீட்டு மாதிரி: பால்கோவா வேண்டுமென்றால் சீட்டைக் கவுண்டரில் நீட்ட வேண்டும். இங்கே 'எவால்' செய்தால்தான் டிஸ்க்கிலிருந்து உண்மையான டேட்டா வரும். வந்ததை உடனே 'புரொடெக்ட்' செய்துவிடுங்கள்; இல்லையென்றால் நினைவகத்தைக் கூட்டிப் பெருக்கும் ஆரின் ஏற்பாடு அதைக் குப்பை என்று எடுத்துவிடக்கூடும். ஆர் 4.5.0-இல் வந்த 'ஆர்_கெட்வார்' பிராமிஸைத் தானே பிரித்துக் கொடுக்கிறது. சி++ எழுதுபவர்கள் 'ஆர்சிபிபி' பேக்கேஜைப் பயன்படுத்தினால் புரொடெக்ட் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

டேட்டா கைக்கு வந்த பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவுண்ட் என்ற பத்தி 'ஃபேக்டர்' வகையில் சேமிக்கப்பட்டிருந்தால், 30, 40, 60 என்று திரையில் தெரிவது சி-க்கு 1, 2, 3 என்றுதான் போகும். நாற்பதாம் நம்பர் நூலுக்கு 590.5-ஐ 2-ஆல் வகுத்து 295 டெக்ஸ் என்று விடை வந்தால், அது நூல் அல்ல, கயிறு! ஆர் 4.0.0-க்கு முன் எழுத்துப் பத்திகள் தாமாகவே ஃபேக்டராக மாறும் வழக்கம் இருந்தது. பழைய கோப்புகளில் இது இன்னும் ஒளிந்திருக்கும். முழு எண் பத்தியில் விடுபட்ட மதிப்பும் சி-யில் மைனஸ் 2147483648 என்ற சாதாரண எண்ணாகத்தான் தெரியும். சோதிக்காமல் கூட்டினால் சராசரி எங்கோ போய்விடும்.

பேக்கேஜை யாருக்காவது கொடுக்கும் முன், புதிதாக ஓர் ஆர் அமர்வைத் திறந்து, 'லைப்ரரி' போடாமல் இரட்டை முக்காற்புள்ளி வழியாகவே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.