வீட்டுப் பன்றி வளர்ப்பு: கொட்டிலில் இருந்து இறைச்சி வரை வதையில்லாமல் செய்வது எப்படி?

ஓசூர், சூளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் ஆடு, மாடு, கோழியோடு இரண்டு முதல் ஐந்து வெண்பன்றிகளைச் சேர்த்து வளர்க்க விரும்பும் விவசாயிகளுக்கு வசதிகள் உண்டு. அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு சந்தை. சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் வடகிழக்கு மாநிலத்தவரும் ஜார்க்கண்டுக்காரர்களும் பன்றி இறைச்சியை விரும்பி வாங்குகிறார்கள். ராயக்கோட்டைப் பக்கம் கழித்துப் போடும் தக்காளி, முட்டைக்கோஸ் இலை, விடுதிகளில் மிஞ்சும் சோறு எனத் தீவனத்துக்கும் வழி இருக்கிறது.

ஆனால் இரண்டு இடங்களில் நம் பழைய பழக்கம் நம்மையே கெடுக்கிறது. ஒன்று, ஓட்டல் கழிவை அப்படியே கொட்டுவது. இரண்டு, காலைக் கட்டிப் போட்டு, நினைவோடு இருக்கும் பன்றியைக் குத்திக் கொல்வது. முதலாவது மொத்தப் பண்ணையையும் ஒரே வாரத்தில் அழித்துவிடக் கூடியது. இரண்டாவது அந்த உயிருக்குக் கொடுமை. இறைச்சியின் தரத்தையும் அது குறைக்கிறது. இரண்டையும் எப்படி மாற்றலாம் என்று பார்ப்போம்.

குட்டி தேர்வு

வெள்ளை யார்க்‌ஷயர் இனமும் அதன் கலப்பினங்களும் நம் பகுதிக்கு ஏற்றவை. காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டானுவாஸ் கே.பி.எம். கோல்டு' ரகமும் வெள்ளை யார்க்‌ஷயரும் நாட்டுப் பன்றியும் கலந்ததுதான். குட்டி வாங்கும் முன் மத்திகிரி மாவட்டக் கால்நடைப் பண்ணையிலும் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையிலும் விசாரியுங்கள்.

பால் மறந்த, 8 வார வயதுள்ள, சுறுசுறுப்பான குட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். சந்தையில் பல ஊர்க் குட்டிகள் கலந்து நிற்கும் இடத்தில் வாங்காமல், தாயைப் பார்த்துப் பண்ணையிலேயே வாங்குவது நல்லது. வாங்கி வந்ததும் பழைய பன்றிகளோடு விடாமல் 3 வாரமாவது தனியாக வைத்துப் பாருங்கள்.

கொட்டில்

வளரும் பன்றி ஒன்றுக்கு 10 சதுர அடிக்குக் குறையாமல் இடம் வேண்டும். குட்டி ஈனும் தாய்க்கு 80 முதல் 100 சதுர அடி. ஈனும் அறையில் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் இரும்புக் குழாய் பொருத்துங்கள். தாய் படுக்கும்போது நசுங்காமல் குட்டிகள் அந்த இடைவெளியில் ஒதுங்கிக்கொள்ளும். முதல் வாரத்தில் சாகும் குட்டிகளில் பல இப்படி நசுங்கித்தான் சாகின்றன.

பன்றிக்கு வியர்க்காது என்றே சொல்லலாம். அதனால்தான் சேற்றில் புரள்கிறது. ஏப்ரல், மே வெயிலில் நிழலும், குளிக்க ஒரு சிறு தொட்டியும், அல்லது நாளுக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளிப்பதும் அவசியம். சுத்தமான தண்ணீரும் நிழலும் கிடைத்தால் அது சேற்றைத் தேடாது. படுக்கும் மூலையைக் காயவைத்துக் கொடுத்தால், சாணம் போட வேறு மூலையைத் தானே ஒதுக்கிக்கொள்ளும்.

தெருவில் மேய விடவே கூடாது. மனிதக் கழிவைத் தின்னும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் கட்டிகள் உண்டாகும். அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் நாடாப்புழு வளரும். அவர் மலத்தோடு வெளியேறும் முட்டைகள் கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொருவர் உடம்புக்குள் போனால், மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரும். இறைச்சியே சாப்பிடாதவருக்கும் இது வரலாம். கொட்டில் வளர்ப்பும் வீட்டுக்கொரு கழிவறையும் இந்தச் சுற்றை அறுத்துவிடும்.

தீவனம்: ஓட்டல் கழிவில் உள்ள ஆபத்து

ஒரு கிலோ எடை கூட ஏறத்தாழ மூன்றரை கிலோ அடர்தீவனம் தேவை. 15 கிலோ குட்டியை 90 கிலோவுக்குக் கொண்டுவர சுமார் 260 கிலோ. மக்காச்சோளம், ராகி, தவிடு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்புக் கலவை சேர்த்து வீட்டிலேயே தயாரிக்கலாம். காய்கறிக் கழிவு, மாம்பழக் கழிவு இவற்றைத் துணைத் தீவனமாக மட்டும் கொடுங்கள்.

செலவைக் குறைக்கப் பலர் நம்புவது விடுதி, ஓட்டல் மீதிகளைத்தான். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும் முக்கிய வழிகளில் அதுவும் ஒன்று. இந்த நோய் 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் முதன்முதலாக உறுதியானது. 2022-ல் கேரளாவின் வயநாட்டுக்கு வந்தது. அடுத்து முதுமலைக் காட்டுப் பன்றிகளிலும் கண்டறியப்பட்டது. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. நம் நாட்டில் பண்ணையில் போடத் தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. சமைக்காத, சரியாக வேகாத பன்றி இறைச்சித் துண்டில் இந்த வைரஸ் நீண்ட நாள் உயிரோடு இருக்கும். பல மாநிலத்து ஆட்கள் தங்கும் விடுதிக் கழிவில் அப்படி ஒரு துண்டு இருக்காது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே:

* இறைச்சி கலந்த கழிவை வாங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.
* வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பெரிய அண்டாவில் கிளறிக்கொண்டே நன்கு கொதிக்கும் சூட்டில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். ஆறிய பின் கொடுங்கள்.
* வேகாத கழிவு வரும் வாளியும், வெந்ததை எடுத்துப் போகும் வாளியும் தனித்தனியாக இருக்கட்டும்.
* ஓட்டல் கழிவில் உப்பு அதிகம். குடிதண்ணீர் குறைந்தால் பன்றி வட்டமாகச் சுற்றும், வலிப்பு வந்து விழும். அது உப்பு நஞ்சு. எந்நேரமும் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும்.

நோய்த் தடுப்பு

பிறந்த 3, 4-ம் நாளில் குட்டிக்கு இரும்புச்சத்து ஊசி போட வேண்டும். சிமெண்டுத் தரையில் பிறக்கும் குட்டிக்கு மண்ணில் இருந்து கிடைக்கும் இரும்பு கிடைக்காது. ரத்தசோகையால் வெளுத்து இறந்துவிடும். ஆண் குட்டிக்குக் காயடிப்பதை முதல் சில வாரங்களுக்குள், கால்நடை மருத்துவரைக் கொண்டு வலிமருந்தோடு செய்யுங்கள். வளர்ந்த பின் பிளேடால் செய்வது பெரும் வதை. புண்ணும் எளிதில் ஆறாது.

குடற்புழு நீக்கம், சாதாரணப் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி, கோமாரித் தடுப்பூசி ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் கால அட்டவணைப்படி போடுங்கள். சாதாரணப் பன்றிக் காய்ச்சல் ஊசி ஆப்பிரிக்கக் காய்ச்சலைத் தடுக்காது.

அதிகக் காய்ச்சல், காது, வயிற்றுத் தோல் சிவந்து நீலம் பாரித்தல், தீவனம் எடுக்காமை, திடீர் சாவு ஆகியவற்றைக் கண்டால் உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பயந்து அவசரமாக விற்பதோ அறுப்பதோ செய்யாதீர்கள். நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள பன்றிகளை அரசு அழிக்கும், 10 கிலோமீட்டர் வரை கண்காணிக்கும். அரசு அழிக்கும் பன்றிக்கே இழப்பீடு, தானாகச் செத்ததற்கு இல்லை. மறைப்பவருக்குத்தான் நட்டம்.

அறுக்கும் முன்: சட்டம் என்ன சொல்கிறது?

2001-ம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்பு (இறைச்சிக்கூட) விதிகளின்படி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற இறைச்சிக்கூடத்தில் மட்டுமே அறுக்கலாம். ஓசூர் 2019 முதல் மாநகராட்சி. ஆகவே அந்த எல்லையில் வீட்டுக் கொல்லையில் அறுப்பது விதிமீறல். சினைப் பன்றி, 3 மாதத்துக்கு உட்பட்ட குட்டி உள்ள தாய், 3 மாதத்துக்குக் குறைந்த குட்டி, மருத்துவர் சான்று பெறாத பன்றி ஆகியவற்றை அறுக்கக் கூடாது. மற்ற விலங்குகளின் கண்முன் அறுக்கவும் கூடாது.

கிராமத்தில் வீட்டுத் தேவைக்கு அறுப்பவர்கள் ஊராட்சியில் என்ன அனுமதி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிலோ விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். உயிரோடு எடுத்துப் போகும்போது இருசக்கர வாகனத்தில் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு போவது வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அமைதியாக அறுத்தால் இறைச்சி ஏன் நன்றாக இருக்கிறது?

பன்றியின் தசையில் சேமித்துள்ள சர்க்கரைச் சத்து, இறந்த பின் மெதுவாக அமிலமாக மாற வேண்டும். அப்போதுதான் இறைச்சி இளஞ்சிவப்பாக, உறுதியாக இருக்கும். துரத்திப் பிடித்து, அடித்து, கதறவிட்டு அறுத்தால், உடல் சூடாக இருக்கும்போதே அமிலம் வேகமாகக் கூடிவிடும். இறைச்சி வெளுத்து, தொளதொளவென்று, தட்டில் தண்ணீர் விட்டுக் கிடக்கும். எடையும் குறையும். நெடுந்தூரம் பட்டினியாக வண்டியில் அடைத்துக் கொண்டுவந்தால் இதற்கு நேர்மாறாக, அந்தச் சத்து முன்பே தீர்ந்து, இறைச்சி கறுத்து, காய்ந்து, சீக்கிரம் கெட்டுப்போகும். பெங்களூரு வியாபாரி இரண்டையும் பார்த்தவுடனே விலையைக் குறைப்பார்.

வதையில்லாமல் அறுக்கும் முறை

1. முதல் நாள்: 12 மணி நேரம் தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஊசி, மருந்து போட்ட பன்றி என்றால் மருத்துவர் சொன்ன இடைவெளி நாட்கள் முடிந்த பின்னரே அறுக்க வேண்டும்.

2. ஓட்டிச் செல்லுதல்: தடியால் அடிக்காமல், வாலை முறுக்காமல், ஒரு பலகையைப் பின்னால் பிடித்து மெதுவாக நடத்துங்கள். தினமும் தீவனம் வைப்பவரே அழைத்துப் போனால் எளிது. விடிகாலையின் குளிர் நேரமே நல்லது.

3. நினைவிழக்கச் செய்தல்: இதுதான் மிக முக்கியமான படி. கத்தி படும் முன் பன்றி முழுமையாக நினைவிழந்திருக்க வேண்டும். இறைச்சிக்கூடங்களில் இதற்கு மின் இடுக்கியும், ஆணி பாயும் கைத்துப்பாக்கியும் உண்டு. துப்பாக்கியை நெற்றி நடுவில், கண் மட்டத்துக்கு மேல் சுமார் 2 சென்டிமீட்டரில், வாலை நோக்கிய சாய்வில் வைப்பார்கள். சரியாகப் பட்டால் பன்றி அந்த நொடியே சரியும். சீரான மூச்சு இருக்காது, கண்ணைத் தொட்டால் இமைக்காது. கால்கள் உதைக்கும். அது தசைத் துடிப்பு. மூச்சோ இமைப்போ தெரிந்தால் உடனே இரண்டாம் முறை செய்ய வேண்டும். கிழட்டுக் கிடாவின் மண்டையோடு தடித்தது. அதை அனுபவசாலியிடம் விடுங்கள்.

   வீட்டு மின்கம்பியை வைத்து முயலாதீர்கள். பன்றி வலியோடு கிடக்கும், உங்கள் உயிரும் போகலாம். கோடாலியின் பின்புறத்தால் அடிப்பதும் முதல் அடியில் பலிக்கும் என்ற உறுதி இல்லை. கருவியும் பழகிய ஆளும் இல்லை என்றால் வீட்டில் அறுக்காமல், இறைச்சிக்கூடத்துக்குக் கொண்டு போங்கள் அல்லது உயிரோடு விற்றுவிடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கருவி வாங்க நினைத்தால், அனுமதி, பயிற்சி பற்றிக் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம்.

4. ரத்தம் வடித்தல்: நினைவிழந்த 15 நொடிக்குள், கழுத்தடியில் மார்பெலும்புக்குச் சற்று முன்னால், கூரான கத்தியால் பெரிய ரத்தக் குழாய்களை அறுக்க வேண்டும். தாமதித்தால் நினைவு திரும்பும். இதயத்தைக் குத்தத் தேவையில்லை. ரத்தம் முழுதாக வடிய 5 நிமிடமாவது விடுங்கள்.

5. முடி நீக்குதல்: இமைப்பும் மூச்சும் முற்றிலும் நின்றதை உறுதி செய்த பிறகே வெந்நீரும் நெருப்பும். 60 முதல் 65 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் நனைத்துச் சுரண்டினால் போதும். கொதிநீர் ஊற்றினால் தோல் வெந்து முடி இறுகிவிடும். மீதி முடியை வைக்கோல் தீயில் வாட்டலாம்.

6. குடல் எடுத்தல்: தொங்கவிட்டு, குடல் கிழியாமல் எடுங்கள். நாக்கு, தொடை, இதயத் தசைகளில் அரிசி போன்ற வெண்கட்டிகள் இருந்தால் அந்தப் பன்றியை யாரும் சாப்பிடக் கூடாது. மருத்துவரிடம் காட்டி ஆழமாகப் புதையுங்கள்.

7. பாதுகாத்தல்: உயிர் எடையில் 70 முதல் 75 சதவீதம் இறைச்சியாகக் கிடைக்கும். குளிர்பெட்டி இல்லாவிட்டால் அன்றே விற்று, அன்றே சமைக்க வேண்டும். உள்ளே சிவப்பு தெரியாத வரை வேகவையுங்கள்.

ரத்தம், குடல், கழுவிய நீர் எதுவும் ஏரி, வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைக்குப் போகக் கூடாது. ஆழமான குழியில் சுண்ணாம்பு தூவி, நாய் தோண்டாதபடி மூடுங்கள். பச்சைக் கழிவை மற்ற பன்றிகளுக்குப் போடவே கூடாது. நோய் திரும்பி வர அந்த ஒரு வாளி போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் முறை இரண்டு குட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குட்டி வாங்கும் முன்னரே எங்கே, யார் மூலம் அறுக்கப்போகிறோம், யாரிடம் விற்கப்போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். எட்டு மாதம் கழித்து, தீவனம் தீர்ந்து, கை கடிக்கும் நேரத்தில் வழி தேடும்போதுதான் பன்றிக்கு வதையும் விவசாயிக்கு நட்டமும் சேர்ந்தே வருகின்றன.